அளவுக்காரி செய்த பெண்மான்

நகராட்சியின் சாலைப் பராமரிப்புப் பணிமனையில் முதல் நாளன்று அவளிடம் முழங்கை வரை ஏறும் ரப்பர் கையுறையும், ஆரஞ்சு நிறச் சட்டையும், ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் விலங்குகளை அள்ளி வந்து குழியில் போடுகிற பிரிவு அது. லாரி ஓட்ட ஒருவர், அள்ள ஒருவர், அவ்வளவுதான் பிரிவு. படிவத்தில் என்ன விலங்கு, ஆணா பெண்ணா, நீளம் எவ்வளவு, எந்தக் கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்தவன் பத்து வருடமாக எல்லாவற்றுக்கும் 'நாய், ஆண், மூன்றடி' என்றே எழுதி வைத்திருந்தான். ஆந்தைக்குக்கூட அப்படித்தான்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் பதினாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கட்டிங் மேசையில் நின்றவள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே காகித அச்சை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியால் ஒரே ஓட்டமாக அறுக்கிற வேலை. எதிரே ஓர் ஆள் வந்தால் அவளுக்கு முகம் மனதில் நிற்காது. தோள் பதினாறரை, இடுப்பு முப்பத்தெட்டு என்பதுதான் நிற்கும். சரக்கு அவசரம் என்று இரண்டாவது ஷிப்டுக்கும் சேர்த்து நிற்கவைத்த ஒரு நாள், கத்தி துணியோடு சேர்த்து அவளுடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் கொண்டுபோனது. சூப்பர்வைசர் ஒரு பை ஆப்பிளும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் அதில் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லவேளை, இடது கை," என்றார் அவர். பிறகு, "அறுபது பீஸ் ரத்தமாயிடுச்சு. ஒண்ணுகூடத் தேறல," என்றார்.

கட்டிங் மேசைக்கு எட்டு விரல் போதாது. அள்ளிப் போடுவதற்குப் போதும். அப்படித்தான் அவள் பணிமனைக்கு வந்து சேர்ந்தாள்.

தங்கியிருந்தது அக்காவின் வீட்டில், பின்பக்க அறையில். அக்காவின் வாயில் விழுந்தால் முழுசாக எழுந்து வர முடியாது. புது வேலையில் சேர்ந்த அன்றே அக்கா சட்டம் போட்டுவிட்டாள்.

"வெளிக் குழாய்லயே குளிச்சிட்டு உள்ள வா. அந்தச் சட்டை வாசப்படி தாண்டக் கூடாது. உனக்குத் தட்டு தனியா வச்சிருக்கேன். எங்க தட்டோட சேத்துக் கழுவாத."

"நம்ம வீட்டு நாய்க்குக்கூடத் தனித் தட்டு வச்சதில்லையே அக்கா."

"நாய் செத்ததைத் தூக்கிட்டு வீட்டுக்கு வரலையே."

லாரி டிரைவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். 'தங்கச்சி' என்று கூப்பிடுவார். செத்த விலங்கைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அவள் டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை, தோளிலிருந்து குளம்பு வரை, மார்பைச் சுற்றி என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதுவதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.

"எதுக்கு தங்கச்சி இவ்வளவு அளவு? குழிக்கு எல்லாரும் ஒரே சைஸ்தான்."

"படிவத்துல கட்டம் இருக்கே அண்ணே."

"அந்தக் கட்டத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சதில்ல."

ஆனாலும் அவள் அளந்தாள். பணிமனையில் அவளுக்கு 'அளவுக்காரி' என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார வந்தால், "எந்திரிங்கப்பா, படுத்துக் கிடந்தா அளந்துடுவா," என்று யாராவது சொல்வார்கள். சிரித்துக்கொண்டே அந்தப் பெஞ்சு காலியாகும்.

முதன்முதலில் அவள் காகித அச்சு எடுத்தது ஒரு நீர்நாய்க்கு. ஆற்றுப்பாலத்தின் ஓரத்தில் காயம் எதுவும் வெளியே தெரியாமல் கிடந்தது. தோள் என்று ஒன்று இல்லாத உடம்பு. கழுத்து அப்படியே வழுக்கிக்கொண்டு இடுப்புக்குப் போனது. இதற்கு ஒரு சட்டை வெட்டினால் தையல் எங்கே வரும் என்று யோசித்தவள், யோசனையை நிறுத்த முடியாமல், லாரியில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து அதன் மேல் போர்த்தி, விரலால் அழுத்தி, மடிப்பு விழுந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். ஏழு துண்டு வந்தது.

பணிமனைக்குப் பின்னால் வண்டிகள் மோதி வளைந்துபோன பழைய சாலைப் பலகைகள் மலையாகக் கிடந்தன. அவற்றில் சில வேண்டும் என்று பணிமனை இன்ஜினியரிடம் கேட்டாள். "குப்பைதானே, எடுத்துக்கோ," என்றார் அவர், தலை நிமிராமல். அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, அந்த ஏழு துண்டுக் காகிதத்தையும் பலகை மேல் வைத்துத் தகரக் கத்தரியால் வெட்டினாள். இடது கையில் மீதி இருந்த மூன்று விரலால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் தட்டி வளைத்து, ரிவெட் அடித்துச் சேர்த்தாள். நீர்நாயின் விலாவில் பாதி அம்புக்குறி ஓடியது. முதுகில் 'வேகத்தைக்' என்ற சொல் மட்டும் இருந்தது. 'குறைக்கவும்' வேறொரு தகட்டோடு போய்விட்டது.

டிரைவரைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் சுற்றி வந்து பார்த்தார்.

"அளவு மயிரிழை பிசகல. ஆனா தங்கச்சி, செத்ததுக்குத்தான் சட்டை தச்சிருக்க."

அவருக்கு இருந்தது குத்தலான வாய்தான், ஆனால் கண் சரியாக இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் ஆந்தை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி என்று பதினொன்று செய்தாள். எல்லாம் நின்றன. ஒன்றுகூட உயிரோடு நிற்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் படுத்துக் கிடந்த உடம்பு. தோல் எங்கே தொங்கும் என்று தெரிந்ததே ஒழிய, எது உள்ளேயிருந்து அதை இழுத்துப் பிடிக்கிறது என்று தெரியவில்லை. லீவு நாளில் மிருகக்காட்சிசாலைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நாள் முழுக்க நின்றாள். அங்கிருந்த மான் மூன்று அடி நடந்து திரும்பும், மூன்று அடி நடந்து திரும்பும். ஓட மறந்த உடம்பிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு பெண்மான் அடிபட்டிருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் உயிர் இருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிப் பின்னங்கால்கள் செயலற்றுக் கிடந்தன. முன்பாதி முழுசாக, பளபளவென்று இருந்தது. உயிரோடு கிடந்தால் உடனே கால்நடை டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் வந்து ஊசி போட்டு முடித்துவைப்பார் என்பது விதி. கால் மணி நேரத்தில் வந்துவிடுவார்.

டிரைவர் வண்டிகளைத் திருப்பிவிடத் தடுப்புக் கூம்புகளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடினார். திரும்பி வந்ததும் கேட்டார்.

"டாக்டருக்குப் போன் போட்டியா?"

போன் அவள் கையில்தான் இருந்தது.

"போட்டேன் அண்ணே. வந்துட்டிருக்காராம்."

மழைக்காலத்து ரோட்டில் டாக்டர் வர நேரமாகும் என்று, அவர் பார்க்கச் சகிக்காமல் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் போனைப் பையில் போட்டுவிட்டு டேப்பை எடுத்தாள். மூச்சு உள்ளே போகும்போது மார்புச் சுற்றளவு முப்பத்தொன்றேகால். வெளியே வரும்போது இருபத்தொன்பதரை. அந்த ஒன்றேமுக்கால் அங்குலத்தைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். மான் எழுந்திருக்கப் பார்த்தது. கழுத்தை மரங்கள் பக்கம் நீட்டி, முன்னங்கால்களை ஊன்றி, குளம்பு தாரில் உரசி வழுக்க, மறுபடியும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் எந்தத் தசை முதலில் கிளம்புகிறது, அது கிளம்பும்போது காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிவத்தின் பின்பக்கத்தில் வரைந்தாள். ஒரு கையை விலாவில் வைத்துக்கொண்டு மறு கையால் எழுதினாள். ஏழு முறை எழப் பார்த்தது. மூன்றாவது முறை சரியாகத் தெரியாமல் போய், நான்காவதற்காகக் காத்திருந்தாள்.

அப்போது அவளுக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பின்னால் யார் கேட்டாலும் அதை அவள் மறைத்ததில்லை.

நாற்பது நிமிடம் கழித்து, எழுத இடமில்லாமல் போனதும், டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஊசி போட்டார். மான் அடங்கிய பிறகு அதன் முன்னங்குளம்பைத் தூக்கிப் பார்த்தார். டிரைவரும் இறங்கி வந்து நின்றிருந்தார்.

"எப்பப் பாத்தீங்க இதை?"

"இப்பத்தான் டாக்டர்," என்றாள் அவள்.

"இப்பத்தானா? குளம்பு தேஞ்சு சதை தெரியுது பாருங்க. முக்கால் மணி நேரமாவது எந்திரிக்கப் பாத்திருக்கு."

அவர் போன பிறகு இருவரும் மானைத் தூக்கி ஏற்றினார்கள். பணிமனைக்குப் பாதி வழி வந்ததும் டிரைவர் கேட்டார்.

"நீ போன் போட்டது எப்ப?"

"கடைசியில."

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"அளவு எடுத்து முடிச்சியா தங்கச்சி?"

"முடிச்சேன் அண்ணே."

மறுநாளிலிருந்து அவர் அவளை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். வாங்க மேடம், ஏறுங்க மேடம், இறங்குங்க மேடம். பணிமனையில் இருந்தவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள்.

மானைச் செய்து முடிக்க நான்கு மாதம் ஆனது. அறுபத்து மூன்று தகடு. அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்று, "செத்ததைத் தூக்குறது போதாதுன்னு அதுங்களுக்குச் சிலை வேறயா? ஊர்ல யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று தினமும் ஒரு பாட்டம் பாடிவிட்டுப் போவாள். மான் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை நீட்டி, ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி நின்றது. விலாத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, இடையில் அந்த ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு இடம் விட்டிருந்தாள். பார்க்கிறவன் தன்னையறியாமல், அது மூச்சை வெளியே விடட்டும் என்று காத்து நிற்பான்.

பணிமனை முற்றத்தில் அதை இறக்கிவைத்த அன்று காவல் நாய் அதைப் பார்த்து உறுமியது. ஒருவரும் கேலி பேசவில்லை. டிரைவர் தூரத்தில் நின்று பார்த்தார். நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஜினியருக்கு மட்டும் வாயெல்லாம் பல். புதிதாகப் போட்ட நாற்சந்தி ரவுண்டானாவில் வைக்க ஏதாவது அலங்காரம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"பிரமாதம். ஆனா கொம்பு எங்க?"

"இது பெண்மான் சார். இந்த இனத்துல பெண்ணுக்குக் கொம்பு கிடையாது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கார்ல போறவனுக்குத் தெரியுமா? கழுதைன்னு நினைச்சுக்குவான்."

"வேண்டாம் சார். காதைப் பாருங்க. கொம்பு வச்சா இந்தக் காது நிக்காது."

"குப்பை எங்களோடது. ஞாபகம் இருக்கட்டும்," என்றார் இன்ஜினியர்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், பணிமனை வெல்டர் அரை மணி நேரத்தில் இரண்டு இரும்புக் கம்பியை வளைத்து மானின் தலையில் ஒட்டிவிட்டார். சூட்டில் ஒரு காது மடங்கிப் பாதியாகத் தொங்கியது. அதைச் சீர்செய்ய நேரம் கொடுக்கவில்லை. திறப்பு விழாவில் கல்வெட்டில் எட்டுப் பெயர் இருந்தது. எட்டில் ஒன்று இன்ஜினியருடையது, ஒன்று கொம்பு ஒட்டிய வெல்டருடையது. அவள் பெயருக்கு இடம் போதவில்லை என்றார்கள்.

ஆனாலும் மக்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார்கள். கொம்பை விட்டுவிட்டு விலாவைத்தான் பார்த்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி அதன் மார்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். இதைச் செய்தது யார் என்று கேட்டுக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரப் பெண் கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

"இவ்வளவு உயிரோட எப்படி வந்தது அக்கா?"

அவள் உள்ளது உள்ளபடி சொன்னாள். டாக்டரைக் கூப்பிட்டதாகப் பொய் சொன்னதை, நாற்பது நிமிடத்தை, ஏழு முறையை, நான்காவது முறைக்காகக் காத்திருந்ததை. அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது.

"இதையெல்லாம் எழுதலாமா?"

"எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் முழுப்பக்கம் வந்தது. சாகக் கிடந்த மானைத் தன் மடியில் கிடத்தி, டாக்டர் வரும்வரை நாற்பது நிமிடம் அதன் தலையைத் தடவிக்கொடுத்த பெண் என்று வந்தது. அவள் கண்ணீர் மானின் நெற்றியில் சொட்டியதாகக்கூட எழுதியிருந்தார்கள்.

அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டாள். "நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"தெரியும் அக்கா. எடிட்டர் மாத்திட்டாரு. நீங்க சொன்னதை அப்படியே போட்டா ஊரே உங்களைக் கிழிச்சிருக்கும். உங்க நல்லதுக்குத்தான்."

மறுப்புப் போடச் சொல்லி அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி," என்று சொல்லிப் போனை வைத்தாள். அதையும் அவளாகத்தான் செய்தாள். யாரும் வாயைக் கட்டிப் போடவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நிறுத்தி நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். கண்ணீர் சொட்டிய இடம் வந்ததும் அவளைப் பார்த்தார்.

"நெத்தியில எந்த இடத்துல மேடம்? அளந்தீங்களா?"

மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவர் பத்திரிகையை நாலாக மடித்து அவள் முன்னால் வைத்துவிட்டு, தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனார். அதற்குப் பிறகு அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர் சாப்பிடவில்லை.

வேலைகள் வரிசையில் நின்றன. பூங்காவுக்குக் காட்டுப்பன்றிக் குடும்பம் கேட்டார்கள். பாலத்துக் கைப்பிடியில் நீர்நாய்கள் கேட்டார்கள். நூலகத்துக்கு ஆந்தை. நகராட்சி அவளை அள்ளும் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, சம்பளத்தோடு சிலை செய்ய வைத்தது. அக்கா அந்தப் பத்திரிகைப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடம், "சின்ன வயசுலேருந்தே இவளுக்கு வாயில்லா ஜீவன்னா உயிரு. ஊசியில நூல் கோக்கவே நான்தான் கத்துக் கொடுத்தேன்," என்றாள். பள்ளிப் பிள்ளைகள் மடியில் மான் படுத்திருக்கிற படம் வரைந்து அனுப்பினார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் மான் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. நிஜத்தில் அது கடைசிவரை கண்ணை மூடவில்லை.

உயிருள்ள இன்னொரு உடம்பை அவள் அளக்கவே இல்லை. பன்றிக்கும் நீர்நாய்க்கும் ஆந்தைக்கும் அந்த மானின் மூச்சையே கூட்டியும் குறைத்தும் வெட்டிப் போட்டாள். எல்லாரும் உயிரோடு இருக்கிறது என்றார்கள். ஊரில் எங்கு பார்த்தாலும் அந்தப் பெண்மான்தான் வேறு வேறு தோலைப் போர்த்திக்கொண்டு மூச்சு வாங்கி நின்றது.

அடிபட்டு வரும் விலங்குகளைக் குழிக்குக் கொண்டுபோவதற்கு முன் கொட்டகையில் ஒரு நாள் வைத்து எடுத்துப் போகச் சொல்லி டிரைவருக்கு உத்தரவு. அவரும் கொண்டுவந்து இறக்குவார், மறுநாள் வந்து ஏற்றுவார், கையெழுத்து வாங்குவார். பேச்சு கிடையாது. அப்படி ஆறு வருடம் போயிற்று. குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு நரி வேண்டும் என்று கேட்டு, நல்ல நரி ஒன்றும் கிடைக்காமல் அவள் காத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் முற்பகல் அவரே போன் செய்தார்.

"மேடம், ஒரு நரி. பெட்டை. உயிரோட இருக்கு."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"டாக்டரைக் கூப்பிடவா, உங்களைக் கூப்பிடவா?"

அவர் குரலில் கிண்டல் இல்லை. கடையில் சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்பதுபோலக் கேட்டார். அவளுக்கு நரியின் மார்பு எத்தனை அங்குலம் ஏறும் என்று தெரியாது. ஒரே ஒரு முறை தெரிந்துவிட்டால் போதும். சாலை இருபது நிமிட தூரத்தில் இருந்தது. மறுமுனையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று வண்டிகள் போயின.

"டாக்டரைக் கூப்பிடுங்க அண்ணே," என்றாள்.

"ஒம்பது பத்துக்குப் பாத்தேன். ஒம்பது பதினொண்ணுக்கு அவரைக் கூப்பிட்டாச்சு. வந்து முடிச்சிட்டுப் போயாச்சு. சும்மா கேட்டுப் பாத்தேன் மேடம். எவ்வளவு நேரம் யோசிச்சீங்க, நீங்களே அளந்துக்கங்க."

அரை மணியில் லாரி வந்தது. நரியைச் சாக்கு மேல் போட்டுக் கொட்டகையில் இறக்கினார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, அவள் கதவைச் சாத்திவிட்டு வாளிமேல் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு எழுந்து, விறைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று காகிதத்தை விரித்தாள். பன்னிரண்டு துண்டு வந்தது.

அந்த நரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளை அதைக் காட்டித்தான் உள்ளே கூட்டிப் போகிறார்கள்.

டிரைவர் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். பணிமனையில் நடந்த பிரிவு உபசாரத்துக்கு அவளும் போய் வரிசையில் கடைசியாக நின்றாள். அவர் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு வந்தார். அவளிடம் வந்ததும் அவர் கை பக்கத்திலேயே தொங்கியது.

"உடம்பைப் பாத்துக்கங்க அண்ணே," என்றாள்.

"நீங்களும் மேடம்," என்று தலையை ஆட்டிவிட்டு, வெளியே காத்திருந்த மகனின் வண்டியில் ஏறிப் போனார்.

அவள் நடந்தே கொட்டகைக்குத் திரும்பினாள். பேருந்து நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய கொக்கு ஒன்று அரைகுறையாக நின்றது. கழுத்துத் தகட்டை எடுத்து இரும்புக் குழாய்மேல் வைத்து, மூன்று விரலால் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை தட்டினாள்.